மேலே இருக்கும் லைட்டை நாமே மாற்றுவது: மலையக வீடுகளுக்கான அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏற்கெனவே லைட் எரிந்த இடத்தில் பழையதைக் கழற்றிப் புதியதைப் பொருத்துவது பற்றி மட்டுமே இங்கே பேசுகிறோம். புது பொயின்ட் வைப்பது, சுவரில் வயர் இழுப்பது, டி.பி. பெட்டிக்குள் (ப்ரேக்கர்கள் இருக்கும் பெட்டி) கை வைப்பது எல்லாம் வேறு வேலை. மலையகத்தில் வீடுகள் ஒரு மாதிரியானவை அல்ல. லயக் காம்பிரா, தனி வீடு, பழைய குவாட்டர்ஸ், டவுனில் கட்டிய ஸ்லப் வீடு என்று ஒவ்வொன்றிலும் வயரிங் ஒவ்வொரு விதம். அதிலும் பல வீடுகளில் பல காலத்தில் பல பேர் கை வைத்திருப்பார்கள். லைட்டைப் பொருத்த அரை மணி நேரம் போதும். வயரில் கரண்ட் இல்லை என்று உறுதிப்படுத்தத்தான் அதிக கவனம் வேண்டும்.

இதை நாமே செய்யலாமா? எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டாமா?

ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்து, டெஸ்டரை எப்படி நம்புவது, எப்போது நம்பக்கூடாது என்றும் தெரிந்தவர் செய்யலாம். மீட்டருக்கு இந்தப் பக்கம் உள்ள வயரிங் வீட்டுக்காரரின் பொறுப்பு. மீட்டரும் அதன் சீலும் மின்சார சபைக்கு உரியவை. அவற்றை எந்தக் காரணத்துக்காகவும் தொடக்கூடாது.

சில நிலைமைகளில் ஏணியை விட்டு இறங்கி ஆளைக் கூப்பிட வேண்டும். மெயின் சுவிட்ச் உடைந்திருந்தால் அல்லது இறக்கியும் கரண்ட் நிற்காவிட்டால் தொடர வேண்டாம். வயரின் உறை தொட்டதும் பொடியாக உதிர்ந்தாலும் அப்படித்தான். பழைய பங்களா, குவாட்டர்ஸ்களில் ரப்பர் உறை போட்ட வயர் இன்னும் இருக்கிறது. அதை வளைத்தாலே செம்பு வெளியே வந்துவிடும். அங்கே லைட்டை மாற்றிப் பயனில்லை, வயரையே மாற்ற வேண்டும். சீலிங்குக்கு மேலே எரிந்த வாடை, கருகிய அடையாளம், எலி கடித்த வயர் தெரிந்தாலும் நிறுத்திவிடுங்கள். கூப்பிடும் ஆளிடம் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

சுவிட்சை நிறுத்திவிட்டுச் செய்தால் போதாதா?

போதாது. சுவிட்ச் லைவ் வயரில் (கரண்ட் வரும் வயர்) இருந்தால்தான் நிறுத்தியதும் ஹோல்டரில் கரண்ட் இல்லாமல் போகும். யாராவது அதை நியூட்ரலில் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) போட்டிருந்தால் லைட் வழக்கம்போல எரியும், வழக்கம்போல அணையும். ஆனால் அணைந்த பிறகும் ஹோல்டரில் 230 வோல்ட் அப்படியே நிற்கும். லைட்டைப் பார்த்து இந்தத் தவறைக் கண்டுபிடிக்கவே முடியாது. படிக்கட்டில் மேலேயும் கீழேயும் இரண்டு சுவிட்ச் உள்ள லைட்டில் இன்னொரு ஆபத்தும் உண்டு. நீங்கள் ஏணியில் நிற்கும்போது வீட்டில் யாராவது மற்ற சுவிட்சைத் தட்டிவிட்டால் கரண்ட் வந்துவிடும்.

டி.பி. பெட்டியில் லைட்டுக்கான ப்ரேக்கரை இறக்குவது சுவிட்சைவிட மேல். பெரும்பாலும் 6 அல்லது 10 அம்பியர் என்று அதில் எழுதியிருக்கும். ஆனால் சாதாரண ப்ரேக்கர் லைவை மட்டும்தான் துண்டிக்கும், நியூட்ரல் தொடர்பிலேயே இருக்கும். எந்த ப்ரேக்கர் எந்த அறைக்கு என்று எழுதியிருப்பதும் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. மெயின் சுவிட்சை இறக்கினால் லைவும் நியூட்ரலும் சேர்ந்து துண்டாகும். அதனால் மெயினையே இறக்குங்கள். வீட்டில் ஃப்ரிட்ஜ் அரை மணி நேரம் நின்றால் ஒன்றும் கெட்டுப்போகாது.

ப்ரேக்கரை மட்டும் இறக்கி வேலை செய்பவர்களுக்கு ஒரு குழப்பம் வரும். நியூட்ரல் வயர் எர்த் வயரில் உரசினால் "கரண்டே இல்லையே" என்று நினைத்த நேரத்தில் ட்ரிப் சுவிட்ச் (கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் துண்டிப்பது) விழும். வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் மற்றச் சாமான்களின் கரண்டில் ஒரு பங்கு நியூட்ரலில் திரும்பாமல் எர்த்தில் போவதுதான் காரணம். மெயினை இறக்கியிருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

பழைய பீங்கான் பியூஸ் உள்ள வீடுகளில் மெயினை இறக்கி, பியூஸ் கட்டையையும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். சில பழைய பெட்டிகளில் லைவுக்கு ஒன்று, நியூட்ரலுக்கு ஒன்று என இரண்டு பியூஸ் இருக்கும். இரண்டையும் கழற்றுங்கள். நியூட்ரல் பியூஸை மட்டும் கழற்றினால் லைட் அணையும், வயரில் கரண்ட் இருக்கும். மெயின் சுவிட்ச் மேல் டேப் ஒட்டி "மேலே வேலை, போடாதே" என்று ஒரு தாளையும் தொங்கவிடுங்கள். பிள்ளைகள் டி.வி. ஏன் வரவில்லை என்று பார்க்கப் போகும் இடம் அதுதான்.

லயத்தில் இருக்கிறோம். எங்கள் மெயினை இறக்கினால் எல்லாம் நின்றுவிடுமா?

நின்றுவிடும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். லயங்களில் காம்பிராக்களுக்கு நடுவே வயர் கைமாறியிருக்கும். பக்கத்து வீட்டு மீட்டரிலிருந்து ஒரு லைட்டுக்கு மட்டும் இழுத்தது, பின்னால் சேர்த்துக் கட்டிய குசினிக்கு அண்ணன் வீட்டிலிருந்து எடுத்தது, இஸ்தோப்பு லைட்டை இரண்டு வீட்டுக்கும் பொதுவாகப் போட்டது எல்லாம் உண்டு. உங்கள் மெயின் கீழே இருக்க, அந்த லைட் மட்டும் பக்கத்து வீட்டுக் கரண்டில் எரியும்.

மெயினை இறக்குவதற்கு முன் மாற்றப்போகும் லைட்டைப் போட்டு வையுங்கள். இறக்கியதும் அது அணைய வேண்டும். அணையாவிட்டால் எங்கிருந்து வருகிறது என்று தெரியும்வரை தொடக்கூடாது. பழைய பல்ப் ஏற்கெனவே பியூஸ் போயிருந்தால், எரியும் பல்ப் ஒன்றை மாட்டி இதைச் செய்யுங்கள். பக்கத்து வீட்டு மெயினையும் இறக்க வேண்டி வந்தால், சொல்லிவிட்டு இறக்குங்கள். அவர்கள் வீட்டிலும் ஒரு ஆள் அதன் பக்கத்தில் நிற்கட்டும்.

தகரக் கூரை வீடுகளில் வயர் தகரத்தில் உரசி உறை தேய்ந்திருக்கலாம். அப்படியானால் கூரையே கரண்ட் அடிக்கும். மரச்சட்டத்தில் நிற்கும் லைட்டைத் தொட முன், கூரைத் தகரத்தையும் டெஸ்டரால் தொட்டுப் பாருங்கள். இந்தச் சோதனையை மட்டும் மெயின் போட்டபடி செய்ய வேண்டும். டெஸ்டர் எரிந்தால் வேலை முடிந்தது, எலக்ட்ரீஷியன்தான்.

டெஸ்டர் எரியவில்லை. கை வைக்கலாமா?

இன்னும் இல்லை. டெஸ்டர் எரியாததற்குக் கரண்ட் இல்லாதது ஒரு காரணம்தான். டெஸ்டரே செத்திருக்கலாம். நியோன் டெஸ்டர் எரிய உங்கள் உடம்பு வழியாகச் சிறு கரண்ட் நிலத்துக்குப் போக வேண்டும். காய்ந்த மர ஏணியிலோ பிளாஸ்டிக் கதிரையிலோ ரப்பர் செருப்போடு நின்றால் லைவ் வயரிலும் அது மங்கலாகவே எரியும், வெயில் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது.

அதனால் மூன்று தடவை பார்க்க வேண்டும். முதலில் மெயினை இறக்குமுன், கரண்ட் உள்ள பிளக்கில் வைத்து டெஸ்டர் எரிகிறதா பாருங்கள். பிறகு மெயினை இறக்கி, ஹோல்டருக்குள் வரும் ஒவ்வொரு வயரையும் டெஸ்டரால் தொட்டுப் பாருங்கள். சுவிட்ச் போட்ட நிலையில் ஒரு தடவை, நிறுத்திய நிலையில் ஒரு தடவை. கடைசியில் கரண்ட் உள்ள ஒரு இடத்தில் டெஸ்டரைத் திரும்பச் சரிபாருங்கள். மெயின் கீழே இருக்கும்போது வீட்டில் கரண்ட் எங்கே இருக்கும் என்று கேட்பீர்கள். பக்கத்து வீட்டு பிளக்கைக் கேட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மெயினை ஒரு நிமிடம் ஏற்றிப் பார்த்துவிட்டு மறுபடி இறக்குங்கள். இறக்கிய பிறகு வயரை இன்னொரு தடவை டெஸ்டரால் தொட்டுப் பார்க்க மறக்க வேண்டாம்.

மல்டிமீட்டர் இருந்தால் அது இன்னும் நல்லது. ஏ.சி. 600 அல்லது 750 வோல்ட் அளவில் வைத்து லைவ்-நியூட்ரல், லைவ்-எர்த், நியூட்ரல்-எர்த் மூன்றையும் பாருங்கள். மூன்றும் பூச்சியமாக இருக்க வேண்டும். டிஜிட்டல் மீட்டரில் சில நேரம் 20, 40 வோல்ட் என்று காட்டும். பக்கத்தில் கரண்ட் ஓடும் வயரிலிருந்து தொற்றும் போலி அளவாக அது இருக்கலாம். ஆனால் உங்கள் மெயின் கீழே இருக்கும்போது பக்கத்தில் கரண்ட் ஓடும் வயர் யாருடையது? அதைக் கண்டுபிடித்த பிறகுதான் மேற்கொண்டு போக வேண்டும்.

கரண்ட் கட் நேரத்தில் செய்தால் மெயினை இறக்கத் தேவையில்லை அல்லவா?

கரண்ட் கட்டான நேரம்தான் இந்த வேலைக்கு மோசமான நேரம். கரண்ட் எப்போது வரும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லப்போவதில்லை. வயரில் கரண்ட் இருக்கிறதா இல்லையா என்று சோதிக்கவும் முடியாது. இன்வர்ட்டர் பற்றரி உள்ள வீட்டில் மெயினை இறக்கினாலும் இன்வர்ட்டர் லைட்டுகளுக்குக் கரண்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதையும் நிறுத்த வேண்டும். இரண்டு பக்கமும் பிளக் வைத்த வயரால் ஜெனரேட்டரை பிளக்கில் குத்தும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அந்த வயர் உள்ள வீட்டில் முதலில் அதை வெட்டிப் போடுங்கள்.

என்னென்ன வாங்கி வைக்க வேண்டும்?

ஒரு லைட்டுக்கு இவை போதும்: புது லைட், 5 அம்பியர் கனெக்டர் வரிசையிலிருந்து மூன்று கண்கள் (வயர் செருகி ஸ்க்ரூ முறுக்கும் துளைகள்), ஒரு இன்சுலேஷன் டேப், சீலிங்குக்கு ஏற்ற ஸ்க்ரூ ஆணி இரண்டோ மூன்றோ. மரச்சட்டத்துக்கு ஒன்றரை அங்குல மர ஸ்க்ரூ சரியாக இருக்கும். ஸ்லப் என்றால் 6 மில்லிமீட்டர் பிட், அதற்கேற்ற ரோல் பிளக். தேவைப்பட்டால் மர ரவுண்ட் ப்ளொக் ஒன்று.

பழைய வயர் குட்டையாக இருந்தால் இழுத்து நீட்டாதீர்கள். அதே தடிப்பில் ஒரு முழம் வயர் வாங்கி, கனெக்டரில் சேர்த்து நீளமாக்குங்கள். இங்கே லைட்டுக்கு வழக்கமாகப் போடுவது 1/1.13 வயர். ஒற்றைக் கம்பி, 1 சதுர மில்லிமீட்டர். பிளக்குக்குப் போடும் 7/0.67 வயர் லைட்டுக்குத் தேவையில்லை, கனெக்டருக்குள் திணிக்கவும் கஷ்டம். வயர், ஹோல்டர், கனெக்டர் எதுவானாலும் எஸ்.எல்.எஸ். (இலங்கைத் தரம்) சின்னம் உள்ளதை வாங்குங்கள். வண்டியில் குவித்து விற்கும் ஹோல்டரில் பித்தளைக்குப் பதில் முலாம் பூசிய இரும்பு இருக்கும். நுவரெலியா ஈரத்தில் அது சீக்கிரமே துருப்பிடிக்கும். துருப்பிடித்த முனை தளரும், தளர்ந்த முனை சூடேறும்.

கருவிகளில் டெஸ்டர், தட்டை மற்றும் நட்சத்திர ஸ்க்ரூ டிரைவர், வயர் உரிக்கும் கத்தரி, தலையில் மாட்டும் டோர்ச். மெயின் கீழே இருக்கும்போது சீலிங் மூலை இருட்டாகத்தான் இருக்கும். பனி மூடிய நாளில் பகல் மூன்று மணிக்கே வெளிச்சம் போதாது. காலையில் செய்யுங்கள்.

பழைய லைட்டைக் கழற்றிப் புதியதை மாட்டும் ஒழுங்கு என்ன?

மெயினை இறக்கி, மேலே சொன்னபடி மூன்று தடவை சோதித்த பிறகு தொடங்குங்கள். பல்ப் சூடாக இருந்தால் ஆறவிட்டுக் கழற்றுங்கள். மூடியைத் திருகித் திறந்ததும், எதையும் தளர்த்துவதற்கு முன் போனில் ஒரு படம் எடுங்கள். எந்த வயர் எந்த முனையில் இருந்தது என்பது அந்தப் படத்தில்தான் இருக்கும். ஒவ்வொரு வயரிலும் டேப் துண்டு ஒட்டி 1, 2 என்று எழுதினால் இன்னும் நல்லது. நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். ஏன் என்று அடுத்த பதிலில்.

முனை ஸ்க்ரூக்களைத் தளர்த்தி வயர்களை எடுத்து, லைட்டின் அடித்தட்டைக் கழற்றுங்கள். ஒரு கையால் லைட்டைத் தாங்கிக்கொண்டு கழற்ற வேண்டும். கனமானதென்றால் கீழே நிற்பவர் தாங்கட்டும். வயர் நுனியைப் பாருங்கள். பல வருடம் சூடு பட்ட இடத்தில் உறை காய்ந்து வெடித்திருந்தால், நல்ல உறை வரும்வரை வெட்டி, 6 முதல் 8 மில்லிமீட்டர் உரியுங்கள். உரிக்கும்போது கத்தி கம்பியில் வெட்டுப் போட்டால் அந்த இடத்தில் பிறகு முறியும். வெட்டு விழுந்ததைத் துண்டித்துப் புதிதாக உரியுங்கள்.

புது லைட்டின் அடித்தட்டைப் பொருத்தி, துளை வழியே வயரை எடுத்துக்கொள்ளுங்கள். துளை ஓரம் கூராக இருந்தால் ரப்பர் வளையம் போட வேண்டும், வெறும் தகர ஓரத்தில் வயரை விடக்கூடாது. இனி லைவ், நியூட்ரல், எர்த் மூன்றையும் அதனதன் முனையில் சேர்க்கவும். 1/1.13 வயர் மெல்லியது, கனெக்டர் கண் அகலமானது. நுனியை இரண்டாக மடித்துச் செருகினால் ஸ்க்ரூ நன்றாகப் பிடிக்கும். கனெக்டருக்கு வெளியே செம்பு தெரியக்கூடாது, ஸ்க்ரூ உறையின் மேலும் ஏறக்கூடாது. முறுக்கிய பிறகு ஒவ்வொரு வயரையும் இழுத்துப் பாருங்கள். இங்கே பாதிப் பேர் தவறுகிறார்கள்: இறுக்கமாகத் தெரிந்தது இழுத்தால் கையோடு வரும். வயர்களை முறுக்கி டேப் சுற்றி விடும் பழைய முறையை விட்டுவிடுங்கள். ஈரத்தில் டேப்பின் பசை இளகிக் கழன்றுவிடும்.

ஸ்க்ரூ டைப் ஹோல்டரில் லைவ் நடு முனைக்கும் நியூட்ரல் மரை உள்ள வெளி முனைக்கும் போக வேண்டும். மாறிப்போனால் பல்ப் எரியும், ஆனால் பல்ப்பைத் திருகும்போது விரல் படும் மரையில் கரண்ட் நிற்கும். பின் டைப் ஹோல்டரில் இந்த வித்தியாசம் இல்லை.

மூடியைப் போடும்போது வயர் ஸ்க்ரூவுக்கு அடியில் நசுங்காமல் பாருங்கள். மாட்டியவுடன் மெயின் விழுவதற்கு முக்கிய காரணம் இதுதான். பல்ப்பை மாட்டி, ஏணியிலிருந்து இறங்கி, மெயினை ஏற்றி, சுவிட்சைப் போட்டுப் பாருங்கள்.

சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல் தானே?

பழைய வயரிங்கில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். புதியதில் பிரவுன் லைவ், நீலம் நியூட்ரல், பச்சையும் மஞ்சளும் கலந்தது எர்த். ஒரே வீட்டில் இரண்டும் கலந்திருக்கும். பழைய மூன்று பேஸ் ஒழுங்கில் நீலமும் ஒரு லைவ். எஸ்டேட் பங்களா, தொழிற்சாலைப் பக்கத்து குவாட்டர்ஸ்களில் நீலத்தை நியூட்ரல் என்று எண்ணிப் பிடித்தால் ஆபத்து. இரட்டை வயரால் சுவிட்சுக்குப் போய் வரும் லைனில் கறுப்புக்கூட லைவாக இருக்கும். கையில் கிடைத்த நிறத்தில் வேலையை முடித்தவர்களும் உண்டு. வயர் என்ன வேலை செய்கிறது என்பதை மீட்டர்தான் சொல்லும்.

மேலே இரண்டு வயர் இல்லை, ஐந்தாறு வயர் வருகிறது. எப்படிச் சேர்ப்பது?

உங்கள் லைட் பொயின்ட்டையே ஒரு சந்தியாக வைத்து அடுத்த அறைக்குக் கரண்ட் எடுத்திருக்கிறார்கள். சீலிங் ரோஸ் (லைட் வயர் தொங்கும் வட்ட மூடி) உள்ள பழைய வீடுகளில் இது சகஜம். அங்கே மூன்று கூட்டம் இருக்கும்: எப்போதும் கரண்ட் உள்ள லைவ்கள், நியூட்ரல்கள், சுவிட்சிலிருந்து திரும்பி வரும் ஒரே ஒரு வயர். லைட்டுக்குப் போக வேண்டியது அந்த ஒன்றும் நியூட்ரலும் மட்டும்.

இங்கே நடக்கும் தவறு எப்போதும் ஒன்றுதான். சிவப்பெல்லாம் ஒரு கண்ணில், கறுப்பெல்லாம் ஒரு கண்ணில் என்று சேர்த்துவிடுவார்கள். லைட் உடனே எரியத் தொடங்கும், சுவிட்சைப் போட்டதும் "டப்" என்று ப்ரேக்கர் விழும். சுவிட்சிலிருந்து வந்த கறுப்பு, நியூட்ரல் கூட்டத்தில் மாட்டிக்கொண்டதே காரணம். சுவிட்சைப் போடுவதே இங்கே லைவையும் நியூட்ரலையும் நேராகத் தொட வைக்கிறது. போனில் எடுத்த படம் இருந்தால் ஐந்து நிமிடத்தில் திருத்தலாம். படம் இல்லாமல் எல்லாவற்றையும் கழற்றியிருந்தால், ஊகித்துப் போட்டுப் பார்க்கும் விளையாட்டு வேண்டாம், ஆளைக் கூப்பிடுங்கள்.

புது லைட் உலோகம். மேலே எர்த் வயரே இல்லை. என்ன செய்வது?

லைட்டின் லேபிளில் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் இருந்தால் அதற்கு எர்த் தேவையில்லை. அந்தக் குறி இல்லாத உலோக லைட்டுக்கு எர்த் கட்டாயம். எர்த் இல்லாத பொயின்ட்டில் பிளாஸ்டிக் உடலுள்ள, இரட்டைச் சதுரக் குறி போட்ட லைட்டைத்தான் மாட்ட வேண்டும். கடையில் மாற்றிக்கொள்ளுங்கள்.

எர்த் முனையை நியூட்ரலோடு சேர்ப்பது, கூரைத் தகரத்தில் கட்டுவது, தண்ணீர்க் குழாயில் சுற்றுவது மூன்றும் ஆபத்து. நியூட்ரல் எங்காவது அறுந்தால் லைட்டின் உடம்பு முழுக்க லைவாகும். குழாய்கள் இப்போது பெரும்பாலும் பி.வி.சி., அவை எர்த் ஆகாது.

இங்கே வீட்டு எர்த் முற்றத்தில் அடித்த கம்பியிலிருந்து வருகிறது. அந்தக் கம்பி வழியே போகும் பிழைக் கரண்ட் சாதாரண ப்ரேக்கரை விழுத்தும் அளவுக்குப் போதாமல் இருக்கலாம். அந்த இடத்தில் உயிரைக் காப்பது ட்ரிப் சுவிட்ச்தான். அதில் 30 மில்லி அம்பியர் என்று எழுதியிருக்க வேண்டும். 'டி' என்று குறித்த பட்டனை மாதத்துக்கு ஒரு தடவை அழுத்துங்கள், உடனே விழ வேண்டும். விழாவிட்டால் மாற்றுங்கள். அது இருக்கிறது என்ற தைரியத்தில் கரண்டோடு வேலை செய்யவும் கூடாது. ஒரு கையில் லைவையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்தால் ட்ரிப் சுவிட்சுக்கு நீங்களும் ஒரு பல்ப்தான், அது விழாது.

எந்தச் சீலிங்கில் எவ்வளவு கனம் தாங்கும்?

பலகை, சீட், ஜிப்சம் எதுவும் தனியாக லைட்டைத் தாங்கக் கூடாது. அவற்றுக்குப் பின்னால் உள்ள மரச்சட்டத்தில்தான் ஸ்க்ரூ ஏற வேண்டும். விரலால் தட்டிக்கொண்டே போங்கள், சத்தம் கனக்கும் இடத்தில் சட்டம் இருக்கும். சீட்டை அடித்த ஆணி வரிசையும் சட்டத்தைக் காட்டிக்கொடுக்கும். லைட் பொயின்ட் இரண்டு சட்டத்துக்கு நடுவில் வந்தால், சீலிங்குக்கு மேலே குறுக்கே ஒரு மரத்துண்டு அடித்து அதில் பொருத்துங்கள். கொழும்புப் பக்க வீடுகளில் பேனுக்குக் கொக்கி போட்டிருப்பார்கள். பேனே தேவைப்படாத நம் உயரத்தில் அது இராது, அதனால் கனமான சாண்டலியரைக் கொக்கி இல்லாமல் தொங்கவிட ஆசைப்படாதீர்கள். தொங்கும் லைட்டில் கனத்தைச் சங்கிலியோ கம்பியோ தாங்க வேண்டும், வயர் அல்ல.

சீலிங்குக்குள் புதையும் எல்.ஈ.டி. பேனலுக்கு வட்டம் வெட்டுவதானால், பெட்டியில் எழுதியிருக்கும் துளை அளவைப் பார்த்து வெட்டுங்கள். லைட்டின் வெளி விட்டத்துக்கு வெட்டினால் அது அப்படியே கீழே வந்துவிடும். அதன் டிரைவர் பெட்டி (எல்.ஈ.டி.க்கு ஏற்றபடி கரண்டை மாற்றிக் கொடுப்பது) எலிகள் ஓடும் பாதையில், தூசிக்குள் கிடக்காமல் சட்டத்தில் ஒரு ஸ்க்ரூ போட்டு நிறுத்துங்கள்.

சீலிங் அஸ்பெஸ்டஸ் சீட். துளை போடலாமா?

முடிந்தவரை வேண்டாம். பழைய துளையையே பாவியுங்கள், அல்லது சீட்டுகள் சேரும் மரப்பட்டியில் பொருத்துங்கள். துளைக்கும்போது பறக்கும் இழை கண்ணுக்குத் தெரியாது, நுரையீரலில் தங்கினால் வெளியேறாது. தவிர்க்கவே முடியாவிட்டால் அந்த இடத்தைத் தண்ணீர் தெளித்து நனைத்து, கையால் சுற்றும் துளைப்பானால் மெதுவாகப் போடுங்கள். தண்ணீர் தெளிக்கும்போதும் மெயின் கீழே இருக்க வேண்டும். இறுக்கமான எஃப்.எஃப்.பி.3 முகக்கவசம் வேண்டும், துணி போதாது. விழுந்த தூளைத் தும்புத்தடியால் கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்து, துணியையும் பையில் கட்டிப் போடுங்கள். நனைத்த இடம் காயும்வரை வயரைத் தொட வேண்டாம்.

குளியலறைக்கும் குசினிக்கும் எந்த லைட்?

குளிரில் சுடுதண்ணீர் ஷவர் போட்டால் குளியலறைச் சீலிங் முழுக்க நீர் கோக்கும். அங்கே ஐ.பி. 44 (தண்ணீர் தெறித்தாலும் தாங்கும் என்ற குறி) அல்லது அதற்கு மேல் எழுதிய, மூடிய லைட் வேண்டும். சாதாரண ஹோல்டரில் தொங்கும் பல்ப் கூடாது. வயர் நுழையும் துளையில் ரப்பர் சீல் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள், சுவிட்சை வெளியே வையுங்கள். விறகடுப்புக் குசினியில் புகையும் எண்ணெயும் ஹோல்டரில் படியும். மூடிய பிளாஸ்டிக் லைட்டே அங்கும் நல்லது, அடுப்புக்கு நேர் மேலே வேண்டாம். துடைப்பதானால் மெயினை இறக்கித் துடையுங்கள்.

ட்யூப் லைட் பட்டியில் எல்.ஈ.டி. ட்யூப்பை அப்படியே மாட்டலாமா?

ட்யூப்பின் பெட்டியைப் படிக்காமல் மாட்டக்கூடாது. சிலது பழைய சோக்கோடு, கூட வரும் எல்.ஈ.டி. ஸ்டார்ட்டர் போட்டால் எரியும். சிலதுக்கு சோக், ஸ்டார்ட்டர் இரண்டையும் நீக்கி நேரடியாக 230 வோல்ட் கொடுக்க வேண்டும். நேரடியாகக் கொடுக்கும் ட்யூப்பிலும் ஒரே நுனியில் லைவும் நியூட்ரலும் வாங்குவது ஒரு வகை, ஒரு நுனியில் லைவ், மறு நுனியில் நியூட்ரல் வாங்குவது இன்னொரு வகை. மாற்றிப் போட்டால் ட்யூப் எரிந்துபோகும் அல்லது ப்ரேக்கர் விழும். பட்டியின் வயரிங்கை மாற்றினால் "எல்.ஈ.டி. மட்டும்" என்று அதில் எழுதி ஒட்டுங்கள். எங்கள் அபிப்பிராயத்தில் பட்டி பழையதாக இருந்தால் எல்.ஈ.டி. பட்டியாகவே முழுதாக மாற்றுவது தலைவலி குறைவு.

மாட்டியாயிற்று. ஆனால் நிறுத்திய பிறகும் மங்கலாக எரிகிறது. அல்லது மின்னுகிறது.

எல்.ஈ.டி. மிகச் சிறிய கரண்டிலும் ஒளிரும். சுவிட்சில் சிவப்பு இண்டிக்கேட்டர் இருந்தால் அதன் வழியாக வரும் சொட்டுக் கரண்டே போதும். பக்கத்துப் பக்கத்தில் நீளமாக ஓடும் வயரிலிருந்தும் அந்தளவு வரும். ஆனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது, சுவிட்ச் நியூட்ரலில் இருக்கிறதா என்பதை. சுவிட்சை நிறுத்திவிட்டு ஹோல்டர் முனையை டெஸ்டரால் பாருங்கள். எரிந்தால் அதுதான். எலக்ட்ரீஷியனைக் கொண்டு திருத்துங்கள்.

எரியும்போது மின்னினால் கனெக்டர் தளர்ந்திருக்கும், அல்லது வீட்டுக்கு வரும் வோல்டேஜ் ஏறி இறங்கும். பக்கத்து அறை லைட்டும் சேர்ந்து மின்னினால் தளர்வு மேல்நோக்கி, மெயின் பக்கம். எல்லா லைட்டும் திடீரென்று மிகப் பிரகாசமாகி மறுபடி மங்கினால் நியூட்ரல் தளர்ந்திருக்கலாம். மெயினை இறக்கிவிட்டு மின்சார சபையின் 1987க்கு அழையுங்கள்.

புது பல்ப் இரண்டு மூன்று மாதத்தில் போய்க்கொண்டே இருந்தால், காற்றுப் புகாத கண்ணாடிக் கூடுக்குள் பெரிய வாட் எல்.ஈ.டி. மாட்டியிருப்பீர்கள். சூடு வெளியே போக வழியில்லாமல் டிரைவர் எரிகிறது. 9 வாட் எல்.ஈ.டி. பழைய 60 வாட் பல்ப் அளவு வெளிச்சம் தரும், ஒரு சாதாரண அறைக்குப் போதும். இடை மழைக்காலத்தில், மார்ச்-ஏப்ரலிலும் ஒக்டோபர்-நவம்பரிலும் மின்னலுக்குப் பிறகு பல லைட்டுகள் ஒரே நாளில் போனால் காரணம் வேறு. டி.பி. பெட்டியில் சர்ஜ் பாதுகாப்பு (திடீரென்று ஏறும் வோல்டேஜைத் தடுப்பது) போட முடியுமா என்று கேளுங்கள்.

எதில் ஏறி நிற்பது?

மரம் அல்லது பைபர் ஏணி. அலுமினியம் வேண்டாம். தேயிலைச் சரிவில் கட்டிய வீடுகளின் மண் தரையும் சீமெந்துத் தரையும் மட்டமாக இராது, நான்கு காலும் பதிந்திருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்து ஏறுங்கள். கதிரை மேல் முக்காலி வைத்து ஏறுகிறவர்கள் கரண்ட் அடித்து விழுவதைவிட, சின்ன அதிர்ச்சியில் பயந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்வதுதான் அதிகம் நடக்கக்கூடியது. கீழே ஒரு ஆள் ஏணியைப் பிடித்து நிற்கட்டும். மெயின் எங்கே என்று அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கை, கால், ஏணி மூன்றும் காய்ந்திருக்கட்டும்.

யாருக்காவது கரண்ட் பிடித்துவிட்டால்?

ஆளைத் தொடாதீர்கள், முதலில் மெயின். மெயினுக்கு ஓட முடியாவிட்டால் காய்ந்த பலகை அல்லது தும்புத்தடியின் மரப்பிடியால் வயரைத் தள்ளிவிடுங்கள். பிறகு 1990 சுவசெரிய அம்புலன்ஸ். மூச்சு இல்லாவிட்டால் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து, ஆறு சென்ரிமீட்டர் ஆழத்துக்கு அழுத்திக்கொண்டே இருங்கள். ஆள் எழுந்து உட்கார்ந்து "ஒன்றுமில்லை" என்றாலும் ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும். இதயத் துடிப்பு பிறகும் தடுமாறலாம். லைட் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாமல் மெயினை இறக்கி, மண்ணோ தீயணைப்புத் தூளோ போடுங்கள்.

கழற்றிய பழைய ட்யூப்பையும் சுருள் பல்ப்பையும் என்ன செய்வது?

அவற்றில் சிறிதளவு பாதரசம் உண்டு. உடைக்காமல் பழைய பெட்டியிலோ பத்திரிகைத் தாளிலோ சுற்றி, உங்கள் மாநகர அல்லது பிரதேச சபை மின்கழிவு எடுக்கும்போது கொடுங்கள். தேயிலை மலைக்குள்ளோ ஓடையிலோ வீச வேண்டாம். அறைக்குள் உடைந்துவிட்டால் கால் மணி நேரம் யன்னலைத் திறந்துவிட்டு, துடைப்பத்துக்குப் பதில் கடினமான அட்டையால் துண்டுகளை அள்ளி, நுண்ணிய தூளை ஈரத் தாளால் ஒற்றி எடுத்து, எல்லாவற்றையும் மூடியுள்ள போத்தலில் போடுங்கள். எல்.ஈ.டி. பல்ப்பில் பாதரசம் இல்லை, அதை மற்ற மின்கழிவோடு சேர்த்தால் போதும்.